வளைக்குள் ஒரு சீறல்

ஆகஸ்ட் 3

காஃப்காவின் ‘வளை’ கதையை நேற்றிரவு மறுபடி படித்து முடித்தேன். 1923-24 குளிர்காலத்தில் பெர்லினில் எழுதியது. அவர் இறந்த பிறகு, 1931-இல்தான் அச்சேறியது. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி, ஒருநாள் தூங்கி எழும்போது மெல்லிய சீறல் ஒன்றைக் கேட்கிறது. எங்கிருந்து வருகிறதென்று ஒவ்வொரு பாதையாக ஓடித் தேடுகிறது. எங்கே போய் நின்றாலும் ஒரே அளவில்தான் கேட்கிறது. கிட்டப் போனால் கூடவில்லை, விலகினால் குறையவில்லை.

கதையின் பயத்தைவிட இந்த விதிதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நடக்கவே முடியாதது ஒன்றே ஒன்று; மற்றதெல்லாம் கணக்குப்பிள்ளையின் பேரேடு போலத் துல்லியம். புது ஆல்பத்தின் முதல் டிராக் இதுதான். இசையில் சொல்லவேண்டியது கதையை அல்ல. அந்த விதியை ஓர் அறைக்குள் அமலாக்க வேண்டும்.

ஆகஸ்ட் 5

நாள் முழுக்க ஸ்பீக்கர்களை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பக்கவாட்டில் எழும் ஓசை ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வருகிறது. இடைவெளி ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் திசையைக் கண்டுபிடிக்க மூளைக்கு அது போதும். தலை குறுக்கே நிற்பதால் கூர்மையான ஓசைகள் மறு காதில் சன்னமாகவும் கேட்கும். இவற்றோடு ஓசை தொடங்குகிற அந்தக் கணமும் நல்ல துப்பு. மூன்றையும் அழித்தாக வேண்டும்.

அதனால் நான்கு ஸ்பீக்கருக்கும் ஒரே இரைச்சலை அனுப்பாமல், ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு தனி இரைச்சல்கள். எல்லாமே 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஃபில்டரில் இறுக்கப்பட்ட சீறல். எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாதபடி, பூஜ்ஜியத்திலிருந்து மிக மெதுவாக ஏறுகிறது. ஸ்பீக்கர்களைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டேன். காதுக்கு வருவதெல்லாம் சுவரில் பட்டுத் திரும்பியது மட்டுமே.

ரிவெர்ப் துளிகூடச் சேர்க்கவில்லை. கனவுத்தன்மை வேண்டுமென்று எதிரொலியை அள்ளிக் கொட்டி, பின்னால் கோரஸ் குரல்களை மிதக்கவிடுகிற பழக்கம் எங்கள் துறையில் நிறைய. மாயக் கதை எழுதுகிறவர்களிடம் அந்தப் புகைமூட்டம் இல்லை. காஃப்கா ஒரு பொறியாளரின் அறிக்கைபோல எழுதுகிறார். அந்த வறட்சிதான் நம்மை நம்பவைக்கிறது.

ஆகஸ்ட் 6

நண்பன் வந்தான். ஒன்றும் சொல்லாமல் டிராக்கை ஓடவிட்டுக் காபி போடப் போனேன். “ஏசி சத்தமாடா இது?” என்றான். ஜன்னலைச் சாத்திப் பார்த்தான், ஃபிரிட்ஜில் காதை வைத்தான், மறுபடி நடு அறைக்கு வந்து நின்றான். அளவு சரியாக வந்துவிட்டது. இனி இதைத் தொடக்கூடாது.

ஆகஸ்ட் 9

இரண்டாவது டிராக், ஜே. ஜி. பாலர்டின் ‘தி சவுண்ட் ஸ்வீப்’, 1960. அந்த உலகத்தில் ஓசைகள் அழிவதில்லை, சுவர்களில் படிந்து கிடக்கின்றன. பேச்சு வராத ஓர் இளைஞன் இடம் இடமாகப் போய்க் கருவி வைத்து அவற்றை உறிஞ்சி எடுக்கிறான். காதுக்கு எட்டாத அல்ட்ராசோனிக் இசை மற்ற இசையை ஒழித்துவிட்ட காலம். கைவிடப்பட்ட ஓர் ஆபெரா பாடகிமேல் அவனுக்கு அப்படியொரு பக்தி. 1979-இல் வந்த ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’ பாட்டுக்கு இந்தக் கதை ஒரு தூண்டுதல் என்று பகிள்ஸ் குழுவின் டிரெவர் ஹார்ன் சொல்லியிருக்கிறார். அவர் பாடகியின் துயரத்தை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தச் சுவர் வேண்டும்.

மயிலாப்பூரில் பாட்டி வீடு அடுத்த மாதம் இடிபடுகிறது. சாமான்களை எடுத்தாகிவிட்டது, கூடம் காலி. ஆல்வின் லூசியர் 1969-இல் செய்ததைத்தான் அங்கே செய்தேன். பேசிப் பதிந்து, அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவது. அதையும் ஒலிக்கவிட்டு மறுபடி. சொற்கள் மெல்லக் கரைந்துபோய், அந்த அறை எந்தெந்தச் சுருதிகளுக்கு அதிர்கிறதோ அவை மட்டும் மிஞ்சுகின்றன. பாட்டி வீட்டுக் கூடம் கணீரென்று ஒலிக்கிறது. இத்தனை வருஷம் அங்கே வளர்ந்தவனுக்கு இது தெரியாது.

ஆகஸ்ட் 13

மௌனியின் ‘பிரபஞ்ச கானம்’. புதுமைப்பித்தன் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்றது சும்மா இல்லை. ஒருத்தி பாடுவதை நிறுத்திவிடுகிறாள்; உலகத்தின் கானமே அவள் தொண்டைக்குள் அடைபட்டுவிட்டதாக ஒருவனுக்குப் படுகிறது. கடைசியில் அவள் பாடுகிறாள், கானம் வெளியே திரும்புகிறது, அவள் உயிர் போகிறது.

ஸ்டுடியோவில் இதை அப்படியே கட்டலாம். ரங்கநாதன் தெரு இரைச்சல், காக்கைகள், புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒரு நாய்ஸ் கேட்டுக்குள் பூட்டி, சாவியை ஒரு குரலிடம் கொடுத்துவிட வேண்டும். குரல் எழாதவரை ஊர் ஊமை.

குரல் அத்தையுடையதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில்தான் விடியற்காலை சாதகம் செய்வாளாம். பிறகு மேடையும் இல்லை, வீட்டிலும் இல்லை. கதையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16

அத்தை போன் செய்தாள். “அவளை எதுக்குடா சாகடிக்கணும்? நான் பாடறேன். என்ன பாடணும்?”

“பாட்டு வேண்டாம் அத்தை. ஷட்ஜம் பிடிச்சா போதும்.”

“அதுதான் கஷ்டம்” என்றாள்.

ஆகஸ்ட் 17

கூடத்தில் பதிவு முடிந்தது. கீழ் ஷட்ஜத்தில் குரல் முதலில் கரகரத்தது. கேட் திறப்பதும் மூடுவதுமாக, ஹெட்போனில் தெரு துண்டுதுண்டாக வந்து போனது. பஞ்சமத்துக்கு ஏறியதும் நிலைத்து நின்றது, ஊர் மொத்தமும் உள்ளே வந்தது. கரகரப்பை நீக்கப் போவதில்லை. டிராக்கின் உயிரே அந்தத் தயக்கம்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட் மூடிக்கொண்டது. அதை மட்டும் மாற்றிவிட்டேன். கானம் உலகத்துக்குத் திரும்பிவிட்டதென்றால் பிறகு பூட்டு எதற்கு? முழுக் குரலில் ஒருமுறை திறந்தால் திறந்தபடியே இருக்கும்.

டிராக் பதினோரு நிமிடத்தைத் தாண்டுகிறது, அதில் முதல் நான்கு நிமிடம் பெரும்பாலும் நிசப்தம். வெட்டச் சொல்லி யார் கேட்டாலும் வெட்டமாட்டேன்.