எடைக்குப் போடாத குடம்

மயிலாப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்து அடையாறு ஃபிளாட்டுக்குக் குடிபோகிற நேரம். பரணிலிருந்து இறங்கிய எவர்சில்வரைப் பார்த்து என் மனைவி மயங்கி விழாத குறை. "இதுக்குத் தனியா ஒரு ஃபிளாட் வாங்கணுங்க!" என்றாள்.

நான் பி.காம். ஆச்சே... "நாற்பது வருஷத் தேய்மானம் போக மதிப்பு பூஜ்யம். எடைக்குப் போட்டுடலாம்!" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அம்மா ஒரு குடத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு தர மறுத்துவிட்டாள். கழுத்தில் அப்பா பெயரும் '1983' என்றும் புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்தது.

1967-ல் அண்ணா முதல்வரானதும் சேலத்துக்கு இரும்பாலை கேட்டு 'எழுச்சி நாள்' நடந்ததே, அதில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்ட காலேஜ் பையன்களில் அப்பாவும் ஒருத்தர். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். தகடு வெளிவர 1981 ஆனது. அதற்குள் அப்பாவுக்கு வேலை, கல்யாணம், முன்வழுக்கை மூன்றும் வந்துவிட்டன! 'சேலம் தகடு சார்' என்று கடைக்காரர் சொன்னதற்காகவே தி.நகரில் வாங்கிய குடம் இது.

பக்கத்திலேயே கஞ்சமலையில் இரும்புத் தாது. ஆனால், ஆலைக்குள் எஃகு உருக்கும் உலை வந்தது 2010-ல்தான். அதுவரை வெளியிலிருந்து வந்த எஃகை உருட்டித் தகடாக்கும் வேலை மட்டும். அடுப்பே இல்லாத மெஸ் மாதிரி!

2019-ல் மத்திய அரசு ஆலையை விற்க ஆள் தேடியது. தொழிலாளர்கள் கொடி பிடித்தார்கள். "நஷ்டக் கம்பெனிப்பா, தள்ளிவிட வேண்டியதுதானே?" என்றேன். இன்று எஃகு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்தது நாம்தான், 2018-லேயே ஜப்பானைத் தாண்டிவிட்டோம், அந்தக் கணக்கில் சேலம் ஒரு டம்ளர் என்றும் லெக்சர் கொடுத்தேன்.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "தெருவுல நின்னு கேட்டு வாங்கினதை, உன் பேரேட்டுல எந்தப் பக்கம்டா எழுதுவே?" என்றார்.

பதில் யோசிப்பதற்குள், இரண்டு வருஷத்தில் அவர் போய்விட்டார். ஆலை விலைபோகவில்லை.

மற்ற பாத்திரங்கள் எடைக்குப் போயின. குடம் அடையாறுக்கு வந்தது. போன வாரம் மோட்டார் ரிப்பேர். தெருவில் தண்ணி லாரி. பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே என் மனைவி எதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள் என்கிறீர்கள்?

மதிப்பு பூஜ்யம்தான் சார். நாலு நடை தண்ணி பிடித்தோம்!