நினைவு அளவையாமோ?

திருமடம் ஒன்றின் பாடசாலையில் இருவர் ஒருங்கே சிவஞானசித்தியார் பாடங்கேட்டனர். மூத்தவர், ஆசிரியராகிய தம்பிரான் சுவாமிகள் கூறிய நயங்களையெல்லாம் ஒரு கையேட்டில் நாடோறும் எழுதி வந்தார். பாடம் முற்றுங்காலத்தில் அக்கையேடு காணாமற் போயிற்று. சில ஆண்டு கழிந்தபின், இளையவர் ஓரூரில் நிகழ்த்திய சொற்பொழிவில் அந்நயங்களுட் பல வந்தன என்று கேள்வியுற்ற மூத்தவர் உள்ளத்தில் ஓர் ஐயம் முளைத்தது. இருவர்க்கும் ஆசிரியர் ஒருவரே ஆகலின், அவை இருவர்பாலும் இருத்தல் இயல்பே என்பது அவர்க்குத் தோன்றிற்றிலது. ஐயம் சின்னாளில் துணிபாயிற்று. துணிபு பின்னர்க் காட்சியே ஆயிற்று. மழை பெய்த ஓரிரவில், மடத்துத் திண்ணையில், மாடவிளக்கின் ஒளியில், இளையவர் தம் மரப்பெட்டியைத் திறந்து கையேட்டை எடுத்து மேலாடையுள் மறைத்ததைத் தாம் அரைத்துயிலிற் கண்டதாக மூத்தவர் நண்பர்க்கு உரைத்தார், மாணாக்கர்க்கும் உரைத்தார். உரைக்குந்தோறும் அவ்விளக்கின் ஒளி மிகுந்தது. கண்டிருப்பின் அன்றே ஏன் கேளாதொழிந்தீர் என்று அவரை வினவினார் ஒருவரும் இலர். அவரும் தம்மை வினவிக்கொண்டிலர். 40 ஆண்டு இருவரும் ஒருவரோடொருவர் பேசிற்றிலர்.

மூத்தவரின் தமையனார் சிவபதம் அடைந்தபின், அவருடைய பெட்டியை ஒழுங்கு செய்தபொழுது அக்கையேடு அதனுட் கிடந்தது. இன்ன நாளில் தமையனார்க்குப் படிக்கக் கொடுக்கப்பட்டது என்று அதன் முதலேட்டில் மூத்தவரே தம் கையால் எழுதியிருந்தார். தாம் கொடுத்தது அவர் நினைவில் இல்லை. பிறர் எடுத்தது மட்டுமே இருந்தது. அன்றே புறப்பட்டு இளையவரது ஊரையடைந்து, உற்றதைக் கூறிப் பொறுத்தருளுமாறு வேண்டினார். இளையவர் நெடும்பொழுது வாளா இருந்து, “நீர் வந்ததே போதும். ஒன்று மட்டும் கேட்பேன். நாம் படித்த காலத்தில் அத்திண்ணையில் விளக்கு வைத்தது என்றாவது உண்டோ?” என்றார். மூத்தவர் விடை கூறிற்றிலர். இல்லை என்பதை அவர் அப்பொழுது அறிந்தார். அறிந்தும், அவ்விளக்கு அவர் உள்ளத்தில் எரிந்துகொண்டே இருந்தது.

அப்பெரியார் பொய்யரல்லர். பொய்யாவது ஒன்றை அறிந்து வைத்தும் வேறொன்று கூறுதல். இவரோ தம் உள்ளத்தில் உள்ளதை உள்ளவாறே கூறினார். நெஞ்சறியப் பொய் கூறாதார் ஒருவர், நிரபராதி ஒருவர்மேல் 40 ஆண்டு களவுப்பழி சுமத்தினார் என்றால், நெஞ்சோடு பொருந்தக் கூறுதல் ஒன்றே வாய்மைக்குப் போதியதாமோ என்பது சைவநன்மக்கள் ஆராயத்தக்கதொன்றாம்.

அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் தொடக்கத்தில் அளவைகளை ஆராய்ந்து, பிறர் பத்தெனக் கூறுவனவெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என நிறுவியருளினார். அம்மூன்றனுள் நினைவு வைக்கப்படவில்லை. ஐயம், திரிபு, நினைவு என்பவற்றின் நீங்கிய ஆன்ம சிற்சத்தியே அளவையாம் எனச் சைவநூலோர் கொள்வர். ஐயமும் திரிபும் குற்றமாதல் எளிதிற் புலனாம். அவற்றோடு நினைவையும் ஒருங்கு வைத்து விலக்கியது என்னை எனின், நினைவு பொருளைப் புதிதாக அறிவதன்று. முன் அறிந்ததாகக் கருதப்படுவதை மீளத் தோற்றுவிப்பதே என்க. தோற்றுவிக்குங்காலத்து அப்பொருள் ஆண்டு இல்லை.

கயிற்றை அரவெனக் காண்டல் திரிபு. விளக்கைக் கொணர்ந்தால் அரவு நீங்கிக் கயிறு விளங்கும். கயிறு அவ்விடத்தே கிடத்தலின் திருந்துதல் கூடும். நினைவில் நிகழுந் திரிபோ அத்தன்மைத்தன்று. கழிந்த நாளின்கண் மீளச் சென்று விளக்குப் பிடித்தல் யாவர்க்கும் இயலாது. ஆதலின், காட்சியில் நிகழுந் திரிபினும் நினைவில் நிகழுந் திரிபு கொடிது. மேற்கூறிய பெரியார்க்கு நிகழ்ந்ததும் இதுவே. அவர் பெற்றிருந்தது கருதல் ஒன்றே. அதுவும் பழுதுபட்ட கருதல். அக்கருதல் நாளடைவிற் காட்சியின் உடையை உடுத்துக்கொண்டு, கண்டேன் என்று சொல்லும்படி வந்து நின்றது.

கருதலே அன்றி, உரையும் அங்ஙனம் வேடம் புனைந்து வருதல் உண்டு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்து பெரும்புகழ் எய்திய சுவிட்ஸர்லாந்து தேயத்து அறிஞர் ழான் பியாஜே என்பார், தம் இளமைச் செய்தி ஒன்றை எழுதியுள்ளார். பாரிஸ் மாநகரத்துப் பெருவீதி ஒன்றில், தாம் குழந்தை வண்டியில் இருந்தபொழுது, ஒருவன் தம்மைக் கவர்ந்து செல்ல முயன்றதும், செவிலி தடுத்துப் போராடியதும், அவள் முகத்திற் பட்ட கீறலும், ஓடிவந்த காவலனது உடையும் அவர்க்குக் கண்ணெதிரே நிற்பனபோல் விளங்கின. அவர்க்கு ஏறத்தாழ 15 ஆண்டு நிரம்பியபொழுது, அச்செவிலி சமயப் பணியில் ஈடுபட்டு மனந்திருந்தி, அக்கதை முழுதும் தான் கட்டியது என ஒப்பி, அதன்பொருட்டுப் பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பி அனுப்பினாள். பியாஜே குழவிப்பருவத்திற் செவியாற் கேட்ட உரையே கண்ணாற் கண்ட காட்சியாய் அவர் உள்ளத்தில் உறைந்திருந்தது.

இஃது எளிதில் நிகழ்வதொன்று என்பதை அமெரிக்க உளநூலாராகிய எலிஸபெத் லாப்டஸ் என்னும் அம்மையாரும் ஜான் பாமர் என்பாரும் 1974 ஆம் ஆண்டில் சோதனையாற் காட்டினர். மோட்டார் வண்டிகள் மோதும் படம் ஒன்றைச் சிலர்க்குக் காட்டி, வண்டிகள் முட்டியபொழுது எவ்வளவு விரைவிற் சென்றன என 50 பேரையும், மோதி நொறுங்கியபொழுது எவ்வளவு விரைவிற் சென்றன என வேறு 50 பேரையும் வினவினர். ஒரு வாரங் கழித்து, உடைந்த கண்ணாடியைப் படத்திற் கண்டதுண்டோ என்று கேட்டபொழுது, முன்னவருள் 7 பேரும் பின்னவருள் 16 பேரும் கண்டோம் என்றனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. வினவினார் வாயினின்று வந்த ஒரு சொல், கேட்டார் உள்ளத்திற் புகுந்து கண்ணாடியாய் உடைந்து கிடந்தது.

சோதனைச் சாலையில் இது வியப்பு. வழக்குமன்றத்திலோ இது உயிர்க்கேடு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகரோலினா மாகாணத்துப் பர்லிங்டன் நகரில், 1984 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜெனிபர் தாம்ஸன் என்னுங் கல்லூரி மாணவியார் தங்கியிருந்த வீட்டினுள் இரவில் ஒருவன் புகுந்து அவர்க்குப் பெருங்கொடுமை இழைத்தான். அந்நங்கையார் அஞ்சி மயங்கினாரல்லர். பின்னர் அவனை அடையாளங் காட்டல் வேண்டும் என்னும் உறுதியோடு அவன் முகத்தை ஊன்றி நோக்கிக்கொண்டே இருந்தார். காவலர் படங்கள் சிலவற்றைக் காட்ட, ரொனால்ட் காட்டன் என்பவரது படத்தைச் சுட்டினார். சிலரை வரிசையாக நிறுத்தியபொழுதும் அவரையே சுட்டினார். படத்திற் காட்டியவரையே மீளவும் காட்டினீர் என்று காவலர் கூறியதும், அவரது உறுதி பின்னும் வலுப்பெற்றது. 1985 ஆம் ஆண்டில் காட்டன் ஆயுட்சிறை விதிக்கப்பட்டார்.

உண்மையில் அக்கொடுமை இழைத்தவன் வேறொருவன். அவனும் பிறிதொரு குற்றத்திற்காக அதே சிறையில் வந்து அடைபட்டிருந்தான். 1987 ஆம் ஆண்டில் வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டபொழுது, அவனை மன்றத்திற் கொணர்ந்து தாம்ஸனார் முன்னிலையில் நிறுத்தினர். இவனை ஒருபோதும் கண்டதில்லை என்று அவர் உறுதியாகக் கூறினார். காட்டன் மீளவும் சிறை புகுந்தார். 1995 ஆம் ஆண்டில் மரபணுச் சோதனை செய்யப்பட்டபொழுதுதான் காட்டன் குற்றமற்றவர் என்பதும், முன் மன்றத்தில் நிறுத்தப்பட்ட மற்றையவனே குற்றவாளி என்பதும் வெளிப்பட்டன. பத்தாண்டிற்கு மேலாகச் சிறையில் வாடிய காட்டன் விடுதலை பெற்றார். தாம்ஸனாரோ, உண்மை தெளிந்த பின்னரும், அவ்விரவை நினைக்குந்தோறும் காட்டனது முகமே தமக்குத் தோன்றியதாகக் கூறியுள்ளார். படத்தில் ஒருமுறை தேர்ந்த முகம், நிகழ்ச்சியிற் கண்ட முகத்தை அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமர்ந்துகொண்டது. அந்நாட்டில் 1989 முதல் 2020 வரை மரபணுச் சோதனையாற் குற்றமற்றவர் எனத் தெளியப்பட்டார் 375 பேர் என்றும், அவர் வழக்குகளுள் ஏறத்தாழ 100க்கு 69 கண்டார் அடையாளந் தவறியதோடு இயைபுடையன என்றும், அவர்பொருட்டு முயன்ற கழகத்தார் கணக்கிட்டுள்ளனர்.

இவ்விடத்துத் திருவெண்ணெய்நல்லூர் அவையை நினைவுகூர்தல் பொருந்தும். நம்பியாரூரர் தாம் ஒருவர்க்கும் அடிமையல்லர் என்பதில் எள்ளளவும் ஐயமிலராய் நின்றார். அவர் உள்ளத்தில் அடிமை பற்றிய நினைவே இல்லை. கிழவேதியராய் வந்த பெருமானோ ஆள் எனக் கூறி வழக்குரைத்தார். அவையோர் ஒருவரது உறுதியையும் மற்றவரது உறுதியையும் நிறுத்துப் பாராது, ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்டனர். மூலவோலை வந்தபொழுதும், அதனை அப்படியே கொள்ளாது, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்தை ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறினர். அவ்வாவணம் இறைவன் அருளாற் காட்டியது. மரபணுச் சோதனையோ உலகியல். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், நெஞ்சின் உறுதிக்கு மேலாக ஒரு சான்று வேண்டும் என அவ்வவையோர் கைக்கொண்ட முறை என்றும் போற்றத்தக்கது. பர்லிங்டன் வழக்கிலும் நிரபராதியை மீட்டது ஆவணத்தை ஒத்த புறச்சான்றேயாம்.

அற்றேல், நினைவு அளவையன்றாயின் இறைவனை இடையறாது நினைத்தல் எங்ஙனம் பயன்தரும் என்பாரும் உளராவர். அது பொருந்தாது. நிகழ்ந்துபோன ஒன்றைக் குறித்துச் சான்று கூறும் நினைவு வேறு. அன்பினாற் பற்றி நிற்கும் நினைவு வேறு. இறைவன் கழிந்த பொருள் அல்லன். யாண்டும் எக்காலத்தும் உயிரோடு உடனாய் நிற்பவன். ஆதலின் அவனை நினைத்தல், இல்லாத ஒன்றைத் தோற்றுவித்தல் ஆகாது, உள்ளதன்கண் உள்ளம் படிதலேயாம்.

இனி, எல்லா நினைவும் பொய்யோ எனின், அன்று. கற்றதும் கேட்டதும் பயன்படுதல் நினைவினாலன்றோ? எச்சரிக்கை வேண்டுவது, பிறரைக் குற்றஞ்சாட்டும் நினைவினிடத்தும், தன்னை உயர்த்தும் நினைவினிடத்தும், சொல்லுந்தோறும் ஒளிமிகும் நினைவினிடத்துமாம். அந்தக்கரணங்களுட் சித்தம் சிந்திக்கும், மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் யானே துணிவேன் என எழும், புத்தி துணியும். இவையெல்லாம் சடமாகிய கருவிகள். உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று; பகையைச் சார்ந்து நினைக்குங்கால் நினைவும் பகையின் வண்ணமாம். ஆணவமறைப்பின் கொடுமை, உண்மையை அறியவொட்டாமையோடு நில்லாது, அறியாமையையும் அறியவொட்டாமையாம். நன்றாக நினைவிருக்கிறது என்று சொல்லும் நா, அம்மறைப்பின் வழிப்பட்டுச் சொல்லுதலும் கூடும்.

ஆகலின், வாய்மையை விரும்பும் அடியார்க்குச் சில கடமைகள் உளவாகின்றன. கண்டதைக் கண்ட நாளிலேயே எழுதிவைத்தலும், கண்டது இது, கருதியது இது, கேட்டது இது என்று பகுத்துக் கூறலும், ஒருவர்மேற் பழி கூறுமுன் அவரையே நேரிற் கேட்டலும், சான்று வந்தபொழுது நாணாது திருந்துதலும் அவை. விடுதலைக்கு ஈராண்டின் பின் தாம்ஸனார் காட்டனை நேரிற் கண்டு கண்ணீரோடு மன்னிப்பு வேண்டினார். காட்டன் அவரை மன்னித்ததாகக் கூறினார். 2009 ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து தம் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டனர்.

கையேட்டை இழந்த பெரியாரும் அதன்பின் மாணாக்கர்க்கு அளவையிலக்கணம் கற்பிக்குங்காலத்து, கயிற்றரவை எடுத்துக்காட்டுதலோடு அமையாது, விளக்கில்லாத் திண்ணையில் எரிந்த அவ்விளக்கையும் எடுத்துக்காட்டி வந்தார். 40 ஆண்டு பிறர் பழியாக உரைத்ததை, எஞ்சிய நாளெல்லாம் தம் பிழையாக உரைத்தார். இளையவர் அவ்வூர்க்கு வந்த நாட்களில், அப்பாடத்தை அவரும் உடனிருந்து கேட்பதுண்டு.

திருச்சிற்றம்பலம்