20 நாள் குறைந்த அப்பா!

லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ஸ்வான்ஸீ ரயில் ஏறினால், மூன்று மணி நேரத்துக்குள் போர்ட் டால்பட் வந்துவிடும். வேல்ஸ் நாட்டின் இரும்பு ஊர். ஆனால், 2024 செப்டம்பரோடு அங்கே கடைசி ஊதுலையையும் அணைத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து ஆஃபன் ஆற்றை ஒட்டி மலைப்பக்கம் சில மைல் போனால் பான்ட்ரிடவென். (பெயரை மெதுவாகச் சொல்லுங்கள்... பல் பத்திரம்!) ஆற்றுக்குக் குறுக்கே கல் வளைவுகளோடு ஒரு பிரம்மாண்டமான பாலம். பாலத்தை ஒட்டி ஒரு சின்ன வீடு. அங்கேதான் 1925 நவம்பர் 10-ம் தேதி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவருக்குப் பன்னிரண்டாவது பிள்ளையாக ரிச்சர்ட் ஜென்கின்ஸ் பிறந்தான். வீட்டில் பேச்செல்லாம் வெல்ஷ்தான்.

இரண்டு வயது முடிவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட, அக்கா சிஸிலியா போர்ட் டால்பட்டில் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து வளர்த்தாள். காசுக்குத் திண்டாட்டம். படிப்பு பாதியில் நின்றது. பையன் கூட்டுறவுக் கடையில் துணி விற்க நின்றான்.

கவுண்ட்டரிலேயே ரிட்டயர் ஆகியிருக்க வேண்டியவன், எப்படியோ மறுபடி ஸ்கூலுக்கு வந்தான். அங்கே வாத்தியார் பிலிப் பர்ட்டன் அவனைப் பிடித்துக்கொண்டார். மலைக்கு அழைத்துப் போய் ஷேக்ஸ்பியர் வசனம் பேசச் சொல்வார். பையன் பேசப் பேச, இவர் தள்ளித் தள்ளிப் போய் நிற்பார். கத்தக் கூடாது... ஆனால், காதில் விழ வேண்டும்!

1943-ல் அவனைத் தத்து எடுக்கப் போனார். சட்டம் குறுக்கே வந்தது. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் 21 வயசு வித்தியாசம் வேண்டுமாம். கணக்குப் போட்டால் 20 நாள் குறைச்சல்! ஆபீஸ் என்றால் எந்த ஊரிலும் ஆபீஸ்தான். மனுஷன் விடவில்லை. 'தத்து இல்லையா? சரி, கார்டியனாக இருந்துட்டுப் போறேன்' என்று தன் பெயரையும் கொடுத்தார். ஜென்கின்ஸ், ரிச்சர்ட் பர்ட்டன் ஆனான்.

அப்புறம் விறுவிறுவென்று ஏற்றம். 1951-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் மேடையில் ஷேக்ஸ்பியர். 1953-ல் 'தி ரோப்'. 1963-ல் 'கிளியோபாட்ரா'வில் மார்க் ஆண்டனி. 1964-ல் நியூயார்க் மேடையில் ஹாம்லெட். மலையில் பழகிய குரல் எங்கே போனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

கிளியோபாட்ராவாக நடித்த எலிசபெத் டெய்லரைக் கல்யாணம் செய்தார். டைவர்ஸ். திரும்ப அவரையே கல்யாணம். திரும்ப டைவர்ஸ்! நடுவே அளவில்லாத குடி. ஆஸ்கருக்கு ஏழு தடவை பெயர் போனது. ஒரு தடவை... ம்ஹூம்! அதே போர்ட் டால்பட்காரர் ஆண்டனி ஹாப்கின்ஸ் பிற்பாடு இரண்டு வாங்கிவிட்டார்.

1984 ஆகஸ்ட் 5-ல் இறந்தபோது பர்ட்டனுக்கு 58 வயசுதான். வரிக்குப் பயந்து குடியேறிய ஸ்விட்சர்லாந்தில், செலினி கிராமத்திலேயே புதைத்தார்கள். உடம்பில் மட்டும் வேல்ஸின் சிவப்பு உடை.

பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒன்று தோன்றும். '20 நாள் குறையுதே' என்று வாத்தியார் கையை விரித்திருந்தால்?

போர்ட் டால்பட்டில் ஏதோ ஒரு துணிக்கடையில், அற்புதமான ஒரு குரல் ஆயுசு பூராவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்: "சட்டை என்ன சைஸ் சார்?"