தகாததும் தனதல்லாததும்

நாற்பதைக் கடந்தபின் புதுமொழி கற்கப் புகுந்தவனுக்கு அகராதியே ஆசான். ஸ்பானிய நாவல்களை மூலத்திலேயே வாசித்துவிடும் பேராசையில் தொடங்கிய முயற்சி, அண்மையில் ஒரு பெயரடையில் தடுக்கி நின்றது. ‘இம்ப்ரோப்பியோ’ என்பது அச்சொல். பெண்பாற் பெயரோடு வருகையில் ‘இம்ப்ரோப்பியா’ ஆகும். பொருள்: தகாத, பொருந்தாத.

இதன் உடன்பாட்டு வடிவம் ‘ப்ரோப்பியோ’. லத்தீனிலிருந்து வந்த அச்சொல்லுக்குச் சொந்தமான, தனக்கேயுரிய என்று பொருள். சொந்தவீடு ‘காசா ப்ரோப்பியா’. இலக்கணத்தில் சிறப்புப்பெயர் ‘நோம்ப்ரே ப்ரோப்பியோ’. ஆக, எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்தால் ‘தனதல்லாதது’ என்றாகிறது. தகாதது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்ததே.

இச்சொல்லின் பின் ‘தே’ என்னும் இடைச்சொல் வந்து, யாருக்கு, எதற்கு உரியதன்று என்பதைச் சொல்லும். ஸ்பெயினில் நவம்பரில் வெயில் கொளுத்தினால் அது நவம்பருக்கு ‘இம்ப்ரோப்பியோ’வான வெப்பம். இதில் ஒழுக்கக்குறை ஏதுமில்லை. பகுதியைவிடத் தொகுதி பெருத்த பின்னமும் அங்கே ‘இம்ப்ரோப்பியா’தான், நம் பள்ளிக் கணக்கிலும் அது தகா பின்னமே. ‘இந்தெபிதோ’ என்று வேறொரு சொல் உண்டு. கடமையைக் குறிக்கும் வினையடியில் பிறந்தது. செய்யக்கூடாததைச் செய்தமையைச் சுட்டுவது. அதில் குற்றச்சாட்டு இருக்கிறது. ‘இம்ப்ரோப்பியோ தே தி’ என்பதிலோ, ‘இது உன் இயல்புக்கு உரியதன்று’ என்னும் கண்டனத்துக்குள் ஒரு மதிப்பும் ஒளிந்திருக்கிறது.

இவ்விடத்தில் அகராதியை மூடிவைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நன்கு எழுதக்கூடிய மாணவன் ஒருவன் பிறர் கட்டுரையொன்றைப் பெயர்த்தெழுதித் தந்தான். சிவப்பு மையில் ‘தகாத செயல்’ என்றெழுதி, வகுப்பில் உரக்க வாசித்தும் காட்டினேன். அவன் மறுத்துப் பேசவில்லை. படிப்பு முடியும்வரை என்னிடம் எதுவுமே பேசவில்லை.

கட்டுரை அவனுடையதன்று. அச்செயலும் அவனுடையதன்று. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க ஸ்பானியத்தில் வழியிருக்கிறதே என்று முதலில் வியந்தேன். பிறகுதான் உறைத்தது, குறை தமிழில் இல்லை. நம்மிடம் நான்காம் வேற்றுமை உருபு இருக்கிறது. ‘இது உனக்குத் தகாது’ என்று எழுதியிருக்கலாம். அவன் யார் என்பதை நான் அறிவேன் என்று அந்த ஓர் உருபு அவனிடம் சொல்லியிருக்கும்.

பல்லாண்டுகளாக வேற்றுமை நடத்துகிறேன். வேண்டிய இடத்தில் ஒரு ‘கு’ எனக்கு வாய்க்கவில்லை.