நிறம் ஒன்று, நோய் இரண்டு

பாசி எமக்குப் புதிய பொருளன்று. கிணற்றுக்கட்டிலோ கேணிப் படியிலோ ஒருமுறையேனும் கால் வழுக்காத யாழ்ப்பாணத்தவரைக் காண்டல் அரிது. தும்புக்கட்டையால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் அது போய்விடும் என்பது நாம் வழிவழியாக அறிந்த வைத்தியம். ஆயின், பச்சையாகத் தோன்றுவதெல்லாம் பாசிதானா? இவ்வினாவை என்னுள் எழுப்பியது சிட்னிப் புறநகரொன்றில் வாழும் என் அண்ணரின் வீட்டுப் பின்வளவிலுள்ள நீச்சற்றடாகமாகும்.

அண்ணர் கீரிமலைக் கேணியில் நீந்தப் பழகியவர். 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வு அக்கேணியை அவருக்கு எட்டாததாக்கியது. வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாகவே கிடந்தது. தாம் பெற்ற இன்பத்தைப் பேரப்பிள்ளைகளும் பெறவேண்டும் என்னும் வேட்கையினாலேயே அவர் இத்தடாகத்தைக் கட்டுவித்தார். நான் சென்றிருந்த வேளையிலோ, அதனை மண்ணிட்டு மூடிவிடும் எண்ணத்தில் இருந்தார்.

“எவ்வளவு குளோரீன் போட்டும் கறை போகுதில்லை, தம்பி. இதுக்குள்ள பிள்ளைகளை இறக்க எனக்கு மனமில்லை,” என்றார்.

உற்று நோக்கியபோது அங்கே இருந்தவை இருவேறு கறைகள் என்பது புலனாயிற்று. நிழல் விழும் படிகளில் வழுவழுப்பான இலைப்பச்சை; நீர் உட்புகும் குழாய்வாயின் கீழே, விரலுக்கு வழுக்காத நீலப்பச்சை. முன்னையது உயிருள்ளது, பின்னையது உலோகம்.

பாசியைக் கொல்வதற்குக் குளோரீன் போதும். ஆயினும், அதன் வலிமை நீரின் பீஎச் பெறுமானத்தைப் பொறுத்தது. அப்பெறுமானம் 7.5 அளவில் இருக்கும்போது, கரைந்துள்ள குளோரீனில் ஏறத்தாழ அரைப்பங்கே வீரியமுள்ள வடிவில் இருக்கும். 8 ஆக உயர்ந்தால் அது காற்பங்காகக் குறையும். அண்ணரது தடாகத்திலே பீஎச் 8 ஐத் தாண்டியிருந்தது. எனவே, முதலில் அதனை 7.2 அளவுக்குத் தாழ்த்தினோம். சீமெந்தின் நுண்டுளைகளுள் வேரூன்றியது போல் ஒட்டியிருந்த பாசியை நைலோன் தூரிகையால் தேய்த்துக் கிளப்பினோம். வெயில் குளோரீனைச் சிதைக்குமாதலால், பொழுது சாய்ந்த பின்னரே அதனை மிகுதியாக இட்டு, வடிகட்டியை இரவு முழுவதும் ஓடவிட்டோம். மூன்றாம் நாள் படிகள் வெளுத்தன.

நீலப்பச்சையோ முன்னிலும் கருமையேறிற்று. அது செம்பின் படிவாகும். குளோரீன் செம்பைக் கரைக்காது; ஒட்சியேற்றி மேலும் இறுகப் படியச் செய்யும். செம்பு எங்கிருந்து வந்தது? கடையொன்றில் வாங்கி, இரண்டு கோடைகள் அண்ணர் ஊற்றிவந்த பாசிக்கொல்லியிலிருந்தே வந்தது. எம் கமக்காரர் சுண்ணாம்போடு கலந்து பயிருக்குத் தெளிக்கும் துருசும் செம்புச் சேர்வையே. பாசிக்கு இட்ட மருந்தே மற்றொரு கறையாய்ப் படிந்திருந்தது.

இதனை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்றுண்டு. அண்ணியார் மருந்துப் பெட்டியிலிருந்து விற்றமின் சீ குளிசையொன்றை எடுத்துத் தந்தார். அதனைக் கறைமீது அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். குளிசை தொட்ட இடம் மட்டும் வெண்பொட்டாயிற்று. பாசியாயின் இவ்வாறு வெளுக்காது. பின்னர், குளோரீனின் அளவு வீழும்வரை பொறுத்திருந்து, அதே அமிலத்தைத் தூளாகத் தூவினோம். கரைந்த செம்பு மீண்டும் படியாவண்ணம் அதனைப் பிணைக்கும் இரசாயனத்தையும் சேர்த்தோம். குளோரீன் மிகுந்திருக்கையில் விற்றமினைத் தூவினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பொருளும் உழைப்பும் வீணாகும். பீஎச்சைத் தாழ்த்தும் ஐதரோகுளோரிக்கமிலத்தைக் குளோரீனோடு நேரே கலப்பதோ உயிருக்கே ஆபத்தானது, நச்சுவாயு வெளிப்படும். இரண்டையும் அருகருகே வைத்தலும் ஆகாது.

அளவும் பொருத்தமும் அறியாது இடும் மருந்து தீங்காவதைப் பேரறிஞர் சூழ்ந்த இடத்திலும் காணலாம். 2016 ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக் விழாவில், பாய்ச்சற் போட்டிக்குரிய தடாகம் உலகமே பார்த்திருக்கப் பச்சையாயிற்று. அதில் 80 லீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டு இடப்பட்டமையால் குளோரீன் செயலிழந்தது என்பதே அமைப்பாளர் அளித்த விளக்கம்.

கீரிமலையில் ஊற்று இடையறாது சுரக்கின்றது. பழைய நீர் கடலிற் கலக்கின்றது. தேங்கிய நீருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஊற்றின் பணியை அங்கே மனிதன் செய்தாக வேண்டும். அதற்குக் கைவலிமையினும் கண்ணின் நிதானமே முதன்மையானது. ஈராண்டுகளாக அண்ணர் உழைத்த உழைப்பிற் குறையேதும் இருக்கவில்லை. இருவேறு நோய்களுக்கு ஒரே பெயர் இட்டமையே அவரைத் தம் தடாகத்தை மூடும் நிலைவரை கொண்டுசென்றது. எமது சமூகத்திலும் வீட்டிலும் நாம் காணும் கறைகளைத் தேய்க்கப் புகுமுன், அவை எதனால் ஆனவை என்று ஒரு கணம் கேட்போமாயின், மூடத் தேவையற்ற பலவற்றைக் காத்துக்கொள்வோம்.