அழிந்ததாகத் தோன்றும் படங்கள்



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம் வாலிபர்களில் சிலர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறார்கள். ஞானஸ்நானம், திருமணம், பண்டிகை என்று நம் குடும்பங்களின் நினைவுகள் பலவும் இன்று அதன் மெமரி கார்டுக்குள் இருக்கின்றன. ஆகையால், அதில் சிறு கோளாறு கண்டாலும் கலங்குகிறோம். அந்தக் கலக்கத்தில் நாம் அவசரமாய்ச் செய்யும் காரியமே பல நேரங்களில் கோளாறைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கிவிடுகிறது.

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகளைப் படமெடுக்கச் செல்வோர், படங்கள் பனிமூட்டமாய் வருவதாகச் சொல்வதுண்டு. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியவுடன், கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிகிறது. துடைத்தாலும் மறுபடியும் படியும். கேமராவைப் பையைவிட்டு எடுக்காமல் அரைமணி நேரம் காத்திருங்கள். லென்ஸ் வெளிவெப்பத்திற்கு வந்ததும் மூட்டம் அகலும். வீட்டில் அதைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஈரம் தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

ஆலைகள் நிறைந்த நம் பகுதியில் தூசிக்கும் குறைவில்லை. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி தெரிகிறதா? கழற்றக்கூடிய லென்ஸானால், வேறொரு லென்ஸைப் பொருத்தி வெளிர்வானத்தைப் படமெடுத்துப் பாருங்கள். அப்போதும் புள்ளி அதே இடத்தில் இருந்தால், தூசி உள்ளே சென்சாரின் மேல் இருக்கிறது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். துணியாலும் துடைக்காதீர்கள், கீறல் விழும். அமுக்கினால் காற்று வரும் ரப்பர் குமிழைப் பயன்படுத்துங்கள். அதற்கும் போகாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் கலங்கப்பண்ணுவது படங்கள் அழிந்துபோவதே. நம் சபையின் தாயார் ஒருவர், கிறிஸ்துமஸ் முடிந்த சில நாட்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய கடைசிப் பண்டிகைப் படங்களை மகள் தவறுதலாய் அழித்துவிட்டிருந்தார். கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, மகன் அதிலேயே புதிதாய்ச் சில படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். உடனே நிறுத்தி, கார்டை வெளியே எடுக்கச் சொன்னேன்.

ஏனெனில், ஒரு படத்தை அழிக்கும்போது பெரும்பாலும் அதன் அட்டவணைக் குறிப்பு மட்டுமே நீக்கப்படுகிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும் வரையில் படம் கார்டிலேயே இருக்கிறது. 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமரா, ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 வினாடிகள் எடுத்துக்கொண்டது. இன்றோ ஒரு நொடிக்குள் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடுகிறது.

எனவே அந்தக் கார்டின் பக்கவாட்டிலுள்ள பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிட்டு, கணினியில் ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளால் தேடினோம். கிடைத்தவற்றைக் கணினியிலேயே சேமித்தோம். பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைத்தன. இரண்டு படங்களில் பாதி சாம்பல் நிறமாயிருந்தது. புதிய படங்கள் எழுதப்பட்ட இடம் அது.

கார்டை ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். முதலில் கேமராவை அணைத்துவிட்டுக் கார்டை எடுத்து வையுங்கள். இந்த வாரமே உங்கள் படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். முதியவர்களின் படங்களில் சிலவற்றையாவது காகிதத்தில் அச்சிட்டு, அவர்கள் இருக்கும்போதே அவர்கள் கையில் கொடுங்கள்.