தொழிலறியாத் தலைமை

சித்தியவான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், கத்தி பிடித்தறியாத ஒருவரைக் கங்காணியாக்கினால், பிறர் வெட்டில் மரத்துக்கு நேரும் காயம் அவர் கண்ணுக்குத் தெரியாது. பட்டை கெட்ட பின்னரே புலப்படும். கங்காணிக்கு வேண்டுவதாகக் கருதப்பட்ட இத்தேர்ச்சி, கம்பெனித் தலைவருக்கு வேண்டாமென விடப்படுவது விந்தையே.

எனினும் விலக்கும் உண்டு. அருகிலுள்ள கீழ்ப்பேராக்கில் 1906ஆம் ஆண்டு ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கிய ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டென்மார்க்கியர், சயாமில் பணிபுரிந்த பொறியாளர், பயிர்த்தொழிலர் அல்லர். ஆனால் கரையோரத் தாழ்நிலத்தில் முதற்பகை நீரன்றோ? வாய்க்கால் வெட்டி அதனை வடிப்பது பொறியாளர் கற்ற கலை. இன்றைய யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் வேர் அத்தோட்டமே.

அவரே கென்யாவில் ஒரு காப்பிக் கம்பெனிக்கும் தலைவரானார். அங்கே நிர்வாகியாய் அமர்ந்தவர், அவருடைய உடன்பிறந்தாள் மகளின் கணவரான புரோர் பிளிக்சன். சுவீடனைச் சேர்ந்த பிரபு, காப்பி பயிரிட்டறியாதவர். உறவே தகுதியாயிற்று போலும்! நிலமோ ஏறத்தாழ 6,000 அடி உயரம். காப்பிக்கு அது மிகை. 1921இல் அவர் நீக்கப்பட, மனைவி காரென் பொறுப்பேற்றார். (அவர் பின்னாளில் பெரும் எழுத்தாளரானது வேறு கதை.) அம்மையாரின் உழைப்பில் குறைவில்லை. ஆயினும் நட்ட செடிகளை அவ்வுயரத்தினின்று யாரால் இறக்க முடியும்? 1931இல் தோட்டம் விற்கப்பட்டது.